நூற்றெட்டுச் சுற்று

பீர்மேடு
6 ஜனவரி 1974

அக்காவுக்கு,

அத்திம்பேருக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். இரண்டு வருஷம் கழித்து எழுதும் முதல் கடிதத்தில் நலம் விசாரிப்பதுதான் முறை. விசாரித்தால் நீ உண்மையைச் சொல்லமாட்டாய், சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் எஸ்டேட் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். கம்பெனியின் லண்டன் ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் உழைத்து, அங்கே புதியது வந்ததும் கப்பலேற்றி இங்கே தள்ளிவிடப்பட்டது. அதைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடிப்போயிற்று. ஒன்பது எஸ்டேட்டின் கணக்கை அதுதான் போடுகிறது. அதை ஓட்டத் தெரிந்தவள் இந்த மலையில் நான் ஒருத்திதான்.

டிசம்பரில் அதன் பவர் சப்ளை எரிந்துவிட்டது. கரண்டை அந்த மெஷினுக்கு ஏற்ற அளவில் குறைத்துப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. எங்களுக்குக் கரண்ட் வருவது கம்பெனியின் சொந்த டர்பைனிலிருந்து. தேயிலை உருட்டும் ரோலர்கள் கிளம்பினால் கரண்ட் தாழும், நின்றால் துள்ளும். எத்தனை நாள்தான் தாங்கும்? எலக்ட்ரீஷியன் சங்கையா பெட்டியை மோந்து பார்த்து, "அம்மா, ஒங்களுக்குக் கருவாட்டு வாடை தெரியாது. இது அதுக்கும் மேல. உள்ள காயிலு வெந்துபோச்சு. இனி எந்திரிக்காது" என்றார். மாற்றுப் பெட்டி கேட்டு பம்பாய்க்கு எழுதினோம். அப்படி ஒரு மெஷின் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

மார்ச் கணக்கு முடிவதற்குள் ஓடாவிட்டால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக மேனேஜர் கபிரியேல் சொல்லிவிட்டார். "அப்புறம் உங்களை எந்த வேலைக்கு வெக்கிறது? கொழுந்து கிள்ளுவீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

வேலை போனால் எனக்கு இருக்கிற ஒரே போக்கிடம் உன் வீடு. அது உனக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் எரிந்த டிரான்ஸ்பார்மருக்கு அத்திம்பேர் மறுபடி கம்பி சுற்றித் தந்தால் நம் இருவருக்கும் நல்லது. பாலக்காட்டில் அவரைவிட நன்றாகச் சுற்றுகிறவர் யாரும் இல்லை என்று நீயே பெருமையடித்துக்கொள்வாயே.

அபயம்

*

புதுக்கல்பாத்தி
17 ஜனவரி 1974

அபயத்துக்கு,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

அவருக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் ஈஸ்வரமூர்த்தி என்று ஒருவர் பம்புக்கடை வைத்திருக்கிறார். கிழக்கே கிணற்றில் மோட்டார் போட்டிருக்கிற அத்தனை பேரும் சுப்பராம ஐயர் சுற்றியதுதான் வேண்டும் என்கிறார்களாம். நாங்கள் சாப்பிடுவது அந்தக் கடையால்தான். உன் சீமை மெஷின் அதற்கு அப்புறம்.

நீயாவது என்னை நலம் விசாரிப்பதாவது. வடக்காஞ்சேரி வரன் உன்னைப் பார்க்க வாசலில் வந்து இறங்கியபோது நீ பஸ்ஸில் ஏறிவிட்டவள். அவர்களுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலரா என்று சொன்னேன். காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள். இரண்டாந்தாரமாக இருந்தால் என்ன, தபாலாபீஸ் உத்தியோகம். உனக்கு அது போதவில்லை.

எனக்கு வந்ததும் உனக்குப் போதாமல்தான் இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவரைக் கூடத்தில் பிடித்து உட்காரவைத்து, ரேடியோவைத் திறந்து போட்டுக்கொண்டு பேசினாயே. நான் சொஜ்ஜித் தட்டோடு கதவோரம் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததே தட்டு அவர் முழங்காலில் இடித்த பிறகுதான். கேட்டால் வால்வு பற்றிப் பேசினோம் என்பாய்.

மெஷின் போனால் போகட்டும், வந்துவிடு. ஆனால் வந்தால் இங்கே மல்லாந்து படுத்துப் புஸ்தகம் படிக்க முடியாது. வீட்டில் வேலை இருக்கிறது. நிறைய இருக்கிறது.

அந்தக் கருகலை அனுப்பு. சுற்றித் தருவார்.

பர்வதம்

*

பீர்மேடு
25 ஜனவரி 1974

அக்காவுக்கு,

கோயம்புத்தூர் போகும் கம்பெனி ஜீப்பில் டிரான்ஸ்பார்மரைக் கொடுத்தனுப்புகிறேன். டிரைவர் கல்பாத்தி வரை வந்து தருவார். கூடவே படமும் இருக்கிறது. எந்தச் சுருளுக்கு எத்தனை சுற்று என்று அதில் குறித்திருக்கிறேன். மூன்றாவது சுருளில் மட்டும் கவனம் வேண்டும். சரியாக நூறு சுற்று. அது கூடினால் கரண்ட் கூடி மெஷினின் மூளையையே சுட்டுவிடும்.

முடிந்தால் அத்திம்பேரே வந்து பொருத்தித் தரட்டும். கெஸ்ட் ஹவுஸில் அறை தருவதாகக் கபிரியேல் சொல்கிறார், போக்குவரத்தும் கம்பெனி செலவு. மூன்று நாள் மலைக் குளிர் அவருக்கும் ஒரு மாறுதலாக இருக்கும்.

சொஜ்ஜியைப் பற்றி எழுதியிருந்தாய். அது ஆறிப்போயிருந்தது என்று அன்றைக்கே அவர் சொன்னார். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் இருந்தது என் தவறுதான். பேசியது வால்வைப் பற்றித்தான், இப்போதும் அதையேதான் சொல்வேன். உனக்கும் வால்வு தெரிந்திருந்தால் நீயும் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

அபயம்

*

புதுக்கல்பாத்தி
8 பிப்ரவரி 1974

அபயத்துக்கு,

சுற்றி, வார்னிஷ் போட்டு, காயவைத்து, அதே ஜீப்பில் அனுப்பியிருக்கிறேன். கையில் எடுக்கும்போது பார்த்து எடு, ஆட்டுக்கல் கனம் இருக்கிறது.

அவர் வரமாட்டார். நீ விரலைச் சொடுக்கினதும் மலையேறி ஓடி வருகிற காலம் போயிற்று. ஏன் என்று கேட்டு எழுதாதே. ஜீப் டிரைவரிடமும் விசாரிக்காதே. அவனை நான் உள்ளே விடவில்லை, வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பினேன்.

பர்வதம்

*

பீர்மேடு
20 பிப்ரவரி 1974

அக்காவுக்கு,

உன் டிரான்ஸ்பார்மர் இரண்டு நாள் ஓடியது. முதல் நாள் கபிரியேல் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் ரோலர்கள் நின்றதும் கரண்ட் துள்ளியது. வழக்கமான துள்ளல்தான், படத்திலுள்ளபடி சுற்றியிருந்தால் தாங்கியிருக்கும். மெஷினுக்குள்ளிருந்து புகை வந்தது. நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் டிரான்ஸிஸ்டர்கள் பதித்த ஏழு பலகைகள் கருகிவிட்டன. பீரோவில் இருந்த மாற்றுப் பலகைகள் எல்லாவற்றையும் போட்டு மெஷினைச் சரிசெய்துவிட்டேன். இன்னொரு முறை கருகினால் போடுவதற்கு ஒன்றும் இல்லை.

ஏன் என்று தெரியாமல் விடுகிறவள் நான் அல்ல. டிரான்ஸ்பார்மரைப் பிரித்து மூன்றாவது சுருளை அவிழ்த்தேன். சங்கையா கம்பியை இழுக்க, நான் எண்ணினேன். நூறு வந்தது. கம்பி இன்னும் வந்துகொண்டிருந்தது. "அம்மா, கொசுறு போட்டிருக்காக" என்றார் சங்கையா.

நூற்றெட்டு.

சங்கையாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அத்திம்பேர் சுற்றினால் நூறு என்பது நூறுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாமம் சொல்லி, அஷ்டோத்திரத்தைப் பாதியில் நிறுத்தினால் குறை வரும் என்று பயந்து, நூற்றெட்டு முடித்துவிட்டுக் கம்பியை வெட்டுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அம்மா கடைசியாகத் தண்ணீர் கேட்டபோது நீ எழுபதோ எண்பதோ நாமத்தில் இருந்தாய். முடித்துவிட்டுத்தான் எழுந்தாய். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அம்பாளுக்கு எட்டு நாமம் கூடினால் சந்தோஷமாக இருக்கலாம். டிரான்ஸிஸ்டருக்கு அது விஷம்.

இப்போது சொல். நீ ஏன் சுற்றுகிறாய்? அத்திம்பேர் எங்கே? உன்னைவிட்டு ஓடிப்போயிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல். அவர் கையால் சுற்றிய ஒன்று எனக்கு வேண்டும். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

அபயம்

*

புதுக்கல்பாத்தி
27 பிப்ரவரி 1974

அபயத்துக்கு,

ஓடிப்போகவில்லை. ஓடிப்போவதென்றால் செருப்பு மாட்டிவிடக்கூட அவருக்கு நான் வேண்டும்.

நவம்பரில், தேர் அன்றைக்கு, தெருவெல்லாம் ஜனம். இவர் உள்ளே ஒரு பெரிய ஸ்டெபிலைசரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேர் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "நீ போ, இதை முடிச்சுட்டு வரேன்" என்றார். நான் போனேன். திரும்பி வந்தபோது சுவரோரம் கிடந்தார். கரண்ட் வலது கையில் ஏறி இடது கையில் இறங்கியிருக்கிறது. தோல் ஆறிவிட்டது. விரல்கள் பத்தும் உள்ளே மடங்கிப்போய், கோழிக்கால் மாதிரி இருக்கின்றன. நரம்பு செத்துவிட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னார். தம்ளர் பிடிக்க முடியாது. பூணூலைக் காதில் மாட்ட முடியாது. நீ மீதியைக் கற்பனை செய்துகொள், புஸ்தகம் படிக்கிறவள்தானே.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ஈஸ்வரமூர்த்திக்குத் தெரிந்தால் வேலை நின்றுவிடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார், நான் சுற்றுவேன். எண்ணிக்கை எனக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. பாலைப் பார்க்க எழுந்தால் மறந்துபோகும். நாமம் மறக்காது. அதனால் நாமம் சொல்லிச் சுற்ற ஆரம்பித்தேன். பக்கத்தாத்துச் சேஷம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, "புருஷனுக்காக்கும் இந்த ஜபம்? ஒனக்கு ஒரு குறையும் வராதுடீ" என்றாள். காயிலுக்காக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது.

உன்னுடையதில் நூறில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சொன்னேன். அவர் தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "இன்னும் என்னடீ ஆகணும்?" என்று கேட்டார். அப்படியும் நிறுத்தவில்லை. உன் ஏழு பலகை போனது என்னால்தான். அதற்கு நான் அழப்போவதில்லை.

அம்மாவைப் பற்றி எழுதினாய். அன்றைக்கு வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கவேண்டியது. ஒருத்தி ஜுரம் கண்ட அம்மாவை விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போயிருந்தாள். அதையும் எழுது.

மூன்று கடிதம் எழுதினாய். மூன்றிலும் ஒரு தடவைகூட நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை. சாமர்த்தியமாக ஒரு காரணம் சொல்லிக் கேட்காமல் விட்டாய். கேட்டிருந்தால் முதல் கடிதத்திலேயே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

எனக்கு இருக்கிற இரண்டு கையால் சுற்றவும் வேண்டும், அவருக்கு ஊட்டவும் வேண்டும். போதவில்லை. நீ வா. நான் சுற்றுகிறேன், நீ அவரைப் பார்த்துக்கொள். இல்லாவிட்டால் நீ சுற்று, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீ வந்தால் உன் டிரான்ஸ்பார்மரை இங்கேயே உன் கண் முன்னால் சரியாகச் சுற்றித் தருகிறேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கணக்கு முடித்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. வருகிறேன் என்று எழுதினால் கம்பியைத் தொடுவேன். இல்லாவிட்டால் தொடமாட்டேன்.

பர்வதம்

*

பீர்மேடு
5 மார்ச் 1974

அக்காவுக்கு,

அத்திம்பேரின் விரல்களைப் பற்றி நீ எழுதியிருந்ததை ஒரு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆபீஸுக்கு வெளியே போய் நின்றேன். மூடுபனி. எதிரே தொழிலாளர்கள் இருக்கிற லயத்து வீடுகள்கூடத் தெரியவில்லை, அங்கே ஒரு குழந்தையை யாரோ அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இதை நீ என் இளகிய மனசு என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். இளகியதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் வரமாட்டேன்.

துக்கத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இன்னொருத்தியின் துக்கத்துக்குள் போய்க் குடித்தனம் செய் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. பெண் பார்க்க வந்தவரிடம் நான் பேசினேன், உண்மை. கல்யாணம் செய்துகொண்டது நீ. சுகமாக இருந்த ஏழு வருஷத்தில் எனக்குப் பாதி தருவதாக ஒரு நாளும் எழுதவில்லை. இப்போது பாதி தருகிறாய்.

இந்த மலையில் எனக்கென்று இருப்பது ஓர் அறை, ஒரு மேஜை விளக்கு, காலை ஒன்பது மணிக்கு எனக்காகக் காத்திருக்கிற ஒரு மெஷின். ஊட்டவும் உடுத்தவும் வந்துவிட்டால் இது எதுவும் திரும்பக் கிடைக்காது. உனக்கு இது அற்பமாகத் தோன்றும்.

நீ நிபந்தனை போட்டாய். நானும் ஒரு காரியம் செய்துவிட்டேன். கொழிஞ்சாம்பாறை ஈஸ்வரமூர்த்திக்கு நேற்று ஒரு கடிதம் போட்டேன். நவம்பரிலிருந்து உங்களுக்கு வருவதைச் சுற்றுவது சுப்பராம ஐயர் அல்ல, அவர் மனைவி. நம்பாவிட்டால் நேரில் போய் அவர் கையைப் பாருங்கள் என்று எழுதினேன். கோபத்தில் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். அவர் வேலை நிறுத்தினால் உன்னிடம் மிஞ்சுவது ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர், என்னுடையது. அதை மறுபடி ஜீப்பில் அனுப்பியிருக்கிறேன், நீ சுற்றியாக வேண்டும். என் கம்பெனி நல்ல கூலி தரும்.

நூறு, அக்கா. நூற்றொன்றுகூடக் கூடாது.

அபயம்

*

கொழிஞ்சாம்பாறை
18 மார்ச் 1974

அபயத்துக்கு,

இந்தக் கடிதத்தை நீ எங்கிருந்து எடுத்துப் படிக்கிறாய் என்பது உனக்கு இப்போது தெரிந்திருக்கும். அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். டிரான்ஸ்பார்மர் அவர் காலடியில் இருக்கும்.

ஈஸ்வரமூர்த்தி போன வாரம் வந்தார். வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்கம்மா, சாமி ஊட்ல இருக்காருங்களா? உங்க தங்கச்சி காயிதம் போட்டிருக்குதுங்க. நான் நம்புலீங்க. ஒருக்கா பாத்துப்போட்டுப் போயர்றனுங்க" என்றார். தடுத்துப் பார்த்தேன். உள்ளே வந்து இவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு திருப்புளியை நீட்டினார். "சாமி, இதைச் சித்த புடிங்க."

இவர் கையை நீட்டினார். எதற்காக நீட்டினாரோ. திருப்புளி தரையில் விழுந்தது. "ஈஸ்வரமூர்த்தி, விழுந்தது திருப்புளிதான், நானில்லை. நீங்களே எடுத்துக்கோங்கோ" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஈஸ்வரமூர்த்தி குனிந்து எடுத்தவர் நிமிர நேரமாயிற்று.

நல்ல மனுஷர்தான். வேலையை நிறுத்தவில்லை, அதில் உன் கணக்கு தப்பு. "பொம்பளை சுத்துனதுன்னு தெரிஞ்சா, பம்பு எரியறதுக்கெல்லாம் அதுதாங் காரணம்பானுங்க. சாமி பேருல இனி ஓட்ட முடியாதுங்க. கடைக்குப் பின்னால ரூமு இருக்குது. வந்து ஒக்காந்து சுத்துங்க, எம் பேருல போவட்டும். சாமியை மட்டும் ஆராச்சும் சொந்தக்காரங்க ஊட்ல உட்டுட்டு வந்துருங்க. கடையில வெச்சுப் பாக்க முடியாதுங்க" என்றார். நம் சொந்தக்காரர்கள் யார் யார் என்று எண்ணிப்பார்த்தேன். ஒன்றோடு எண்ணிக்கை முடிந்தது.

கல்பாத்தி வீட்டைக் காலிசெய்தாயிற்று. ஈஸ்வரமூர்த்தியின் தேங்காய் லாரி குமுளி வரை போகிறது. அங்கே டிரைவர் அவரை உன் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடுவான்.

அத்திம்பேரே வரட்டும் என்று கேட்டாய். வந்திருக்கிறார். வைத்துக்கொள்.

காப்பியை நன்றாக ஆற்றி, தூக்கி ஊற்று. எச்சில் பண்ணமாட்டார். சாதம் குழைய இருக்கவேண்டும். சட்டைப் பொத்தான் போடும்போது மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நீயும் பேச்சுக் கொடுக்காதே. ராத்திரி கை எரிகிறது என்பார். எரியாது, அங்கே உணர்ச்சியே கிடையாது. இருந்தாலும் ஈரத்துணி சுற்று. குளிப்பாட்டுவதற்கும் மற்றதற்கும் கூச்சப்படுவாய். நானும் பட்டேன். ஒரு வாரத்தில் போய்விடும்.

உன்னுடையதைச் சுற்றியது நேற்று. நூறாவது நாமத்தில் நிறுத்தி, கம்பியை வெட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கையை விரட்டச் சொன்னார். அதற்கப்புறம்தான் அவரை அனுப்புகிற தைரியம் எனக்கு வந்தது.

பர்வதம்

*

பீர்மேடு
2 ஏப்ரல் 1974

அக்காவுக்கு,

மெஷின் ஓடுகிறது. ரோலர்கள் கிளம்பினாலும் ஓடுகிறது, நின்றாலும் ஓடுகிறது. மார்ச் கணக்கு முப்பத்தொன்றாம் தேதி மத்தியானமே முடிந்தது. நன்றாகச் சுற்றியிருக்கிறாய்.

அவர் வந்து இறங்கிய அன்று பஸ் கண்டக்டர் ஆபீஸ் வாசலுக்கே வந்து, "சேச்சி, இந்த சுவாமி உங்க ஆளா? குமுளியிலேர்ந்து பஸ்ஸையே சிரிக்க வெச்சுட்டாரு. டிக்கெட்டை மட்டும் கையால வாங்க மாட்டேன்னுட்டாரு" என்றான். பின்னால் அத்திம்பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். "எந்தா அபயம், முதல்ல பொட்டியைப் பாரு. என்னை அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். கோபாலபுரம் செக்போஸ்டில் லாரியை நிறுத்தி இவருடைய பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். "நீங்களே திறங்கோ, எனக்குக் கை ஒழிவில்லை" என்றாராம். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே உன் கடிதத்தை அவர் பையிலிருந்து எடுத்தேன். அவர் முன்னாலேயே படித்தேன். "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். குழைந்த சாதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாள் என்றேன்.

டிரான்ஸ்பார்மரை நானும் சங்கையாவும் பொருத்தினோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த முனை எங்கே என்று மோவாயால் காட்டினார். விசையைப் போடுமுன் ஒவ்வொரு முனையையும் இன்னொரு முறை படத்தோடு ஒத்துப் பார்த்தேன். "பயப்படாதே, போனாப் பொட்டிதான் போகும்" என்றார். விளக்குகள் வரிசையாக எரிந்தன. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் நீ எழுதிய எல்லாவற்றையும் செய்தேன். கூச்சம் ஒரு வாரத்தில் போகவில்லை. காலையில் ஊட்டி, உடுத்தி, ஓடிப்போய் மெஷினில் உட்கார்ந்தால், மத்தியானம் மறுபடி ஓடிவரவேண்டும். ராத்திரி விளக்கைப் போட்டுப் புஸ்தகத்தைத் திறந்தால் கை எரிகிறது என்பார். நீ என்னை எங்கே அடித்தாய் என்பது நன்றாகவே தெரிந்தது.

நேற்று கபிரியேல் என் அறைக்கு வந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்றார். "மெஷின் ஓடுது, சந்தோஷம். ஆனா இது கல்யாணமாகாத பெண்களோட குவார்ட்டர்ஸ். ஒரு ஆண் பத்து நாளா தங்கியிருக்காரு. நாலு பேர் பேசறாங்க. அக்கா வீட்டுக்காரர்னு சொன்னா யார் கேப்பாங்க? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவர் இறங்கணும். இல்லேன்னா ரெண்டு பேரும் இறங்கணும். நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அப்பா, புருஷன், பிள்ளை என்றால்தான் குடும்பக் குவார்ட்டர்ஸ். அத்திம்பேருக்கு அதில் இடம் இல்லை.

"சார், ஒரு விஷயம் மறைச்சுட்டேன்" என்றேன். "இவர் என் அக்கா ஆத்துக்காரர் இல்லை. என் ஆத்துக்காரர்."

"என்ன சொல்றீங்க? ரெண்டு வருஷமா மிஸ் அபயாம்பாள்னுதானே இருக்கீங்க?"

"பிரிஞ்சிருந்தோம். அதை வெளியில சொல்ல வெக்கமா இருந்தது."

கபிரியேல் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம், "ஆமாங்களா, சாரே?" என்று கேட்டார்.

எனக்கு அந்த ஒரு நொடியில்தான் பயம் வந்தது. அவர் மோட்டுவளையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "அவ சொல்றது சரிதான்."

எனக்காகச் சொன்னாரா, சாயங்காலம் எங்கே போவது என்று சொன்னாரா, உன் மேல் இருந்த கோபத்தில் சொன்னாரா, வேறு எதற்காகவோ சொன்னாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. கபிரியேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "கை இப்படி ஆனப்புறம் கூட்டிட்டு வந்து வெச்சுக்கிட்டீங்களே, ரொம்பப் பெரிய மனசும்மா" என்று சொல்லி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்.

இன்று காலை ஏலப்பாறை ரோட்டில் இரண்டு அறை உள்ள குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டோம். குடும்பக் குவார்ட்டர்ஸுக்குப் பகலில் ஓர் ஆளைக் கம்பெனியே தருகிறது. கூடுதல் கூலிக்குச் சங்கையாவே வருகிறார். இனிமேல் ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். "சாமி, வாயைத் தொறங்க, ரோலருக்குள்ள கொழுந்து போடுத மாதிரி போட்டுடுதேன்" என்கிறார். அத்திம்பேர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். என் மேஜை விளக்கு என் அறையில் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறது.

உன்னைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டார். "பர்வதம் கடையில வாய் விட்டு எண்ணறாளோ, மனசுக்குள்ளயோ?" தெரியாது என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

இதை யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே எழுதுவது நல்லது. நீ இங்கே வந்து கபிரியேலிடம் உண்மையைச் சொல்லலாம். உன்னைத் தடுக்க என்னால் முடியாது. ஆனால் சொன்ன ஒரு மணி நேரத்தில் என் வேலை போகும். மறுநாள் நாங்கள் இருவரும் ஈஸ்வரமூர்த்தியின் கடைப் பின்கட்டில் உன் கதவைத் தட்டுவோம். சாமியைக் கடையில் வைத்துப் பார்க்க முடியாது என்று ஈஸ்வரமூர்த்தி உன்னிடம் சொன்னதை ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறு.

பார்க்கவேண்டும் என்று மட்டும் தோன்றினால் தாராளமாக வா. முன் அறையில் பாய் போட்டுத் தருகிறேன், இரண்டு நாள் இருக்கலாம். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். நீ யார் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தங்கையின் புருஷனைப் பார்க்க வருகிற அக்கா.

அபயம்